கப்பல் வருமுன் கட்டிய துறை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஜூரோங் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் எல்லாரையும் கேன்டீனில் கூட்டி வைத்து, நிர்வாகம் தன் பத்தாண்டுத் தொலைநோக்கைத் திரையில் காட்டியது. மலையுச்சியில் ஒருவர் கைகளை விரித்து நிற்கும் படம். அதன்கீழ் உருமாற்றம், உன்னதம் என்று நாலைந்து பெரிய சொற்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த ஸ்டோர் கீப்பர் அண்ணன், எழுந்து ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்டு என் காதோரம் சொன்னார்: “தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் நான் எந்த ரேக்குக்கு முன்னால நிக்கணும்னு கேளுங்களேன்.”

கேட்டேன். “விவரங்கள் பின்னால் வரும்” என்று பதில் வந்தது. விவரங்கள் வரவே இல்லை. புதிய கணினி முறை வந்தது, பார்கோடு துப்பாக்கிகள் வந்தன, பழைய எக்செல் தாளும் ஒழியவில்லை. ஆறு மாதம் இரண்டிலும் பதிந்தோம். பிறகு சத்தமில்லாமல் எக்செலுக்கே திரும்பினோம்.

சிங்கப்பூரில் ‘உருமாற்றம்’ என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடத்துவது கடினம். 2016 வரவுசெலவுத் திட்டத்தில் 4.5 பில்லியன் வெள்ளியில் தொழில்துறை உருமாற்றத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 23 துறைகளுக்குத் தனித்தனி வரைபடங்கள் வந்தன. அதன்பின் தேக்கா மளிகைக்கடையில் இருந்து ஷெண்டன் வே வங்கி வரை எல்லாரும் உருமாறிக்கொண்டே இருக்கிறோம். ஒரு நிறுவனம் தன்னைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும்போது, நீண்டகாலத் தொலைநோக்கு அதற்கு வழிகாட்டுவது எப்போது, வெறும் சுவர்ப் படமாகத் தொங்குவது எப்போது? என்னிடம் இதற்கு ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு: அந்த அண்ணன் கேட்ட கேள்வி. எந்த ரேக் இருக்கும், எந்த ரேக் போகும், நான் எங்கே நிற்பேன்? இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் அது தொலைநோக்கு.

இதை விளக்க நிர்வாகவியல் பாடம் தேவையில்லை. நம் துறைமுகத்தின் கதையே போதும்.

தஞ்சோங் பகார் பகுதியில் நம்மவர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹார்பர் போர்டு காலத்தில் கப்பலில் இருந்து மூட்டை இறக்கியவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். கங்காணி பெயரைக் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. சாக்கு மூட்டை, மரப்பெட்டி, பீப்பாய் என்று ஒவ்வொன்றையும் கொக்கி போட்டு இழுத்துத் தோளில் சுமந்தார்கள். ஒரு கப்பலைக் காலி செய்து மறுபடி நிரப்பப் பல நாள் ஆகும். கப்பல் கடலில் ஓடியதைவிடக் கரையில் கட்டிக் கிடந்த நாள்களே அதிகம் என்று கப்பல்காரர்கள் புலம்பிய காலம் அது.

1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கைத் தனித்தனியாகத் தூக்காமல் பெட்டியோடு தூக்கினால் என்ன ஆகும் என்பதே அவர் போட்ட கணக்கு. பெட்டியில் அடைக்காத தளர் சரக்கை ஏற்ற ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 5 டாலர் 86 காசு ஆனது. பெட்டியில் ஏற்றியபோது அது 16 காசாக இறங்கியது. இவ்வளவு பெரிய இடைவெளி ஒரு தொழிலில் வந்துவிட்டால், அதன்பிறகு பழைய முறைக்கு ஆயுள் அதிகம் இல்லை. ஆனால் அந்த அலை தென்கிழக்காசியாவை எப்போது தொடும் என்று அறுபதுகளில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஐரோப்பா–தூரக்கிழக்குப் பாதையில் ஓடிய கப்பல் நிறுவனங்கள் பலவும் பெட்டிக்கு மாறுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் சிங்கப்பூரின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1965ல் தனிநாடு. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் ராணுவத் தளங்களை 1971க்குள் மூடப்போவதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது செய்தித்தாள் புள்ளிவிவரம் இல்லை, அடுத்த மாதச் சம்பளம். அப்படி ஒரு வேளையில், ஆள்பலத்தைக் குறைக்கும் பெட்டித் துறைமுகத்தை, எந்தக் கப்பல் வரும் என்ற உத்தரவாதம் இல்லாமல் கட்டுவதா? ஹாவ் யூன் சோங் தலைமையிலான துறைமுக ஆணையம் கட்டுவது என்று முடிவெடுத்தது. உலக வங்கிக் கடன் கிடைத்தது. தஞ்சோங் பகாரின் ஈஸ்ட் லகூன் பகுதியில் வேலை நடந்தது. 1972 ஜூன் 23 அன்று, ராட்டர்டாமில் இருந்து 300 பெட்டிகளோடு ‘நிஹோன்’ என்ற கப்பல் வந்து நின்றது. தென்கிழக்காசியாவின் முதல் பெட்டித் துறை அது.

அதன்பின் நடந்ததைப் பெருமையாகச் சொல்வது எளிது. 1982ல் ஆண்டுக்கு 1 மில்லியன் பெட்டி (20 அடிப் பெட்டிக் கணக்கில்). 1990ல் 5 மில்லியனைத் தாண்டி உலகிலேயே மிகச் சுறுசுறுப்பான பெட்டித் துறைமுகம். 2010ல் ஷாங்ஹாய் முந்திக்கொண்டது. 2024ல் சிங்கப்பூர் கையாண்டது 41.1 மில்லியன். இந்தப் பெட்டிகளில் நூற்றுக்கு 85 அளவுக்கு இந்த ஊருக்கு வருபவையே இல்லை. ஒரு கப்பலில் வந்து இன்னொரு கப்பலில் போய்விடும். இந்த ஒன்றைக் கவனித்தால் மொத்தக் கதையும் விளங்கும். சென்னைக்கும் மும்பைக்கும் பின்னால் ஒரு பெரிய நாடு இருக்கிறது, அதன் ஏற்றுமதியும் இறக்குமதியும் எப்படியும் துறைமுகத்தைத் தேடி வரும். சிங்கப்பூருக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. கப்பல் மாறுவதற்கு மற்ற எல்லா இடத்தையும்விட இது வேகமான இடமாக இருந்தால்தான் பிழைப்பு. ‘உலகின் பெட்டிகள் இங்கே கப்பல் மாறும்’ என்ற ஒரே வாக்கியம் எதைக் கட்ட வேண்டும், எதைக் கைவிட வேண்டும், யாரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விடை தந்தது. 1989ல் வந்த டிரேட்நெட்டும் அதே வாக்கியத்தின் பிள்ளைதான். சரக்கு அனுமதிக்கான காகிதக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த வேலையைக் கணினிக்கு மாற்றிய முறை அது. பெட்டி வேகமாக நகர்ந்து காகிதம் மெதுவாக நகர்ந்தால் என்ன பயன்?

மூட்டை சுமந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியை இந்த மாதிரிக் கட்டுரைகள் பெரும்பாலும் விழுங்கிவிடும். சிலர் பாரந்தூக்கி ஓட்டக் கற்றார்கள், சிலர் ஃபோர்க்லிஃப்ட் எடுத்தார்கள், வயதானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஊர் வளர்ந்துகொண்டிருந்ததால் பலருக்கு வேறு வேலை கிடைத்தது. ஆனால் தோள் பலத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவருக்கு அந்த மாற்றம் இனித்திருக்காது. தொலைநோக்கு தெளிவாக இருந்தால் வலி இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த இடத்தில் வலிக்கும் என்பது முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான்.

துறைமுகக் கதையில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி வெற்றியில் இல்லை, 2000ல் வாங்கிய அடியில் இருக்கிறது. அந்த ஆண்டு மெர்ஸ்க், அன்றைக்கு உலகின் மிகப் பெரிய பெட்டிக் கப்பல் நிறுவனம், பெட்டிகளைக் கப்பல் மாற்றும் தன் வேலையை மலேசியாவின் ஜோகூரில் உள்ள தஞ்சோங் பெலபாஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது. சிங்கப்பூர்த் துறைமுகத்தை நடத்தும் பிஎஸ்ஏ நிறுவனம் கையாண்டதில் பத்தில் ஒரு பங்கு அப்படியே கடலைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனது. 2002ல் எவர்கிரீன் என்ற இன்னொரு கப்பல் நிறுவனமும் போனது. 2003ல் பிஎஸ்ஏயில் ஆட்குறைப்பு நடந்தது.

பெலபாஸில் கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறு. மெர்ஸ்க் தனக்கென ஒரு தனித் துறையையும் அதில் பங்குரிமையையும் விரும்பியது. பிஎஸ்ஏவோ எல்லாருக்கும் பொதுவான துறை என்ற பழைய விதியை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த விதி வெகுகாலம் நன்றாக வேலை செய்தது என்பதால் அதுவே தொலைநோக்கு என்று நினைத்துவிட்டார்கள். ‘பெட்டிகள் இங்கே கப்பல் மாறும்’ என்பது இலக்கு. ‘எந்தக் கப்பல்காரருக்கும் தனித் துறை கிடையாது’ என்பது அந்த இலக்கை அடைய ஒரு காலத்தில் உதவிய வழி. இலக்கை விடாமல் வழியை விட அவர்களுக்கு ஓர் அடி தேவைப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் கோஸ்கோ, எம்எஸ்சி ஆகிய கப்பல் நிறுவனங்களுடன் கூட்டு முனையங்கள் அமைந்தன. நீண்டகாலத் திட்டம் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் தன் விதிப்புத்தகத்தை எடுத்து, எது இலக்கு, எது வெறும் பழக்கம் என்று இரண்டு வண்ணத்தில் கோடு போட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் பழக்கத்தின் வண்ணம்தான் பக்கம் முழுக்க நிறைந்திருக்கும்.

இப்போது துவாஸ். நகரத்து முனையங்களான தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி ஆகியவை 2027க்குள் துவாஸுக்குப் போக வேண்டும். பாசிர் பாஞ்சாங் 2040களில் போகும். 2022 செப்டம்பரில் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. முழுதாக முடியும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் பெட்டிகளைக் கையாளும் என்பது திட்டம். கடலுக்குள் இறக்கிய கான்கிரீட் பெட்டகம் ஒவ்வொன்றும் பத்து மாடிக் கட்டட உயரம். ஓட்டுநர் இல்லா வண்டிகள் பெட்டிகளைச் சுமக்கும். பாரந்தூக்கியின் கூண்டில் ஏறி உட்கார்ந்து குனிந்து பார்த்தே கழுத்து வலி கண்டவர்கள், கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரே நேரத்தில் பல தூக்கிகளைக் கவனிப்பார்கள். கப்பலின் மேல் பெட்டிகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டும் லாஷிங் வேலைக்கு மட்டும் இன்னும் மனிதக் கைகள்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் துறைமுகத்தை, ஒரு நாள்கூட மூடாமல், முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு இடம் மாற்றுகிறார்கள். ஆண்டுகள் முன்கூட்டியே பொதுவில் தெரிந்திருப்பதுதான் இதில் பெரிய உதவி. பிரானியில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரருக்குத் தன் முனையம் எப்போது போகும் என்று தெரியும். அவருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, துவாஸ் வரை தினமும் போய்வர முடியுமா, அந்தப் பக்கம் வீடு பார்க்கலாமா, திரை வேலையைக் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்க அவகாசம் உண்டு. என் கிடங்கு அண்ணனுக்குக் கிடைக்காதது இந்த அவகாசம்தான்.

இதே ஹாவ் யூன் சோங் இன்னொரு கதையிலும் வருகிறார். பாய லேபார் விமான நிலையத்தில் இரண்டாவது ஓடுபாதை போடலாம் என்ற யோசனை எழுபதுகளில் ஏறக்குறைய முடிவாகியிருந்தபோது, நகரத்துக்குள் விமான நிலையம் வளர இடமில்லை, சாங்கிக்குப் போகலாம் என்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1975ல் முடிவு மாறியது, 1981 ஜூலையில் சாங்கி இயங்கத் தொடங்கியது. ஏற்கெனவே போட்ட முதலை எழுதித் தள்ளும் துணிவு இல்லாதவர்களிடம் தொலைநோக்கு இருந்தும் பயனில்லை. நம் ஊர்க் கடைக்காரர்கள் பலர் சறுக்குவதும் இங்கேதான்: “இவ்வளவு செலவு பண்ணிட்டோமே!”

சிங்கப்பூர் ஏர்லைன்ஸையும் ஒரு வரியில் சொல்லாமல் போக முடியாது. 1972ல் மலேசியா–சிங்கப்பூர் விமான நிறுவனம் இரண்டாகப் பிரிந்தபோது சிங்கப்பூர்ப் பக்கத்துக்கு உள்நாட்டு வழித்தடம் ஒன்றுகூட இல்லை, ஏனெனில் பறக்க உள்நாடே இல்லை. முதல் தலைவர் ஜே.ஒய். பிள்ளை 1996 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வெளிநாட்டுப் பயணிக்கு நம்மைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் தர வேண்டும் என்பதே அங்கு இலக்கு. புதிய விமானங்கள் வாங்கியதும், மற்றவர்கள் காசு வாங்கிய பானத்தையும் ஹெட்ஃபோனையும் இலவசமாகக் கொடுத்ததும் அதில் இருந்து வந்தவை. 24 ஆண்டு ஒரே தலைவர் என்பதும் ஒரு காரணம் என்பேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைமை மாறும் நிறுவனத்தில் இருபதாண்டுத் திட்டம் யாருக்குச் சொந்தம்?

டிபிஎஸ் வங்கியை எடுத்துக்கொண்டால் பாடம் கொஞ்சம் கலங்கலானது. 2009 நவம்பரில் பியூஷ் குப்தா தலைமை நிர்வாகியாக வந்தபோது, அந்த வங்கியின் பெயரை ‘டேம் பிளடி ஸ்லோ’ (படுமோசமான மெதுவு) என்று விரித்துச் சொல்வது ஊரறிந்த நகைச்சுவை. அவரே அதை மேடைகளில் சொல்லிச் சிரித்தார். அடுத்த பதினைந்து ஆண்டில் வங்கி தன்னைத் தொழில்நுட்ப நிறுவனமாக நினைத்துக்கொள்ளத் தொடங்கியது. எனக்கு அதில் பிடித்தது பெரிய இலக்கை வாடிக்கையாளர் காத்திருக்கும் மணிக்கணக்காக மாற்றியதுதான். தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை கிடைக்க எத்தனை நாள், ஏடிஎம் வரிசையில் எத்தனை நிமிடம் என்று அளந்து குறைத்தார்கள். சம்பள நாளில் டிபிஎஸ்ஸின் பிஓஎஸ்பி ஏடிஎம் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்று ஊருக்குப் பணம் அனுப்பும் தம்பிகளுக்கு ‘டிஜிட்டல் உருமாற்றம்’ என்ன என்பது புரியாமல் போகலாம். வரிசை குறைந்தால் புரியும்.

ஆனால் 2023ல் அதே வங்கியின் செயலி பலமுறை முடங்கியது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் முழுக்கவே மக்கள் திண்டாடினார்கள். நவம்பரில், வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம், அவசியமில்லாத கணினி மாற்றங்கள் எதையும் ஆறு மாதத்துக்குச் செய்யக் கூடாது என்று தடை போட்டது. அந்த ஆண்டுக்கான தலைமை நிர்வாகியின் ஊக்கத்தொகையில் 30 விழுக்காடு வெட்டு விழுந்தது. வங்கி லாபம் ஈட்டிய ஆண்டிலேயே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தூரத்துச் சிகரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் காலடிப் பள்ளத்தில் விழுவது நாம் அறிந்ததுதான். மேலே உள்ளவர்களின் சட்டைப் பையிலேயே கை வைத்தது சரி என்றே எனக்குப் படுகிறது. கீழே ஒரு கணினிப் பொறியாளரைக் கைகாட்டி முடித்திருந்தால், அடுத்த உருமாற்றக் கூட்டத்தில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

வென்றவர்களின் கதையை மட்டும் சொல்வதில் ஓர் ஏமாற்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கிரியேட்டிவ் டெக்னாலஜி என்ற நம் ஊர் நிறுவனம் 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையால் உலகக் கணினிகளுக்கே குரல் கொடுத்தது. ஐபாட் வருவதற்கு ஓராண்டு முன்பே, 2000ல், வன்தட்டு வைத்த எம்பி3 கருவியை அது விற்றது. அப்படியும் ஐபாட் சந்தையை அள்ளிக்கொண்டு போனது. காப்புரிமை வழக்கைத் தீர்க்க 2006ல் ஆப்பிள் 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்தது உண்மை, ஆனால் சந்தை திரும்பவில்லை. கிரியேட்டிவ் மாடலுக்கு மேல் மாடலாக இறக்கியது. எதைச் செய்ய மாட்டோம் என்ற முடிவு அங்கே வெளியில் தெரியவே இல்லை. இன்னொன்று: துறைமுகத்துக்குப் பின்னால் அரசு நின்றது, பத்தாண்டு நட்டத்தையும் தாங்கும் பொறுமை நின்றது. தனி நிறுவனத்துக்கு அந்த வசதி கிடையாது.

சிராங்கூன் சாலையில் ஆறு பேரை வைத்து மளிகைக்கடை நடத்துபவருக்கு இதில் என்ன இருக்கிறது? நான் பார்த்தவரை, மகனோ மகளோ படித்து முடித்து வந்து முதலில் கேட்பது செயலியும் இணையதளமும். உற்பத்தித்திறன் மானியம் கிடைக்கிறது, கணினிக் கல்லா வாங்குகிறார்கள். அப்பாவோ பற்று நோட்டை விடுவதில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எங்கள் எக்செல் மாதிரியே. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

அதற்குப் பதில் ஒரு வாக்கியத்தில் தொடங்கலாம். உதாரணமாக, ‘ஐந்து ஆண்டில் நம் விற்பனையில் பாதி உணவகங்களுக்குப் போக வேண்டும்.’ படமோ மலையோ இல்லாத சாதாரண வாக்கியம். ஆனால் அதைச் சொன்ன மறுநிமிடமே கடை மாறத் தொடங்கிவிடும். உணவகத்துக்கு 25 கிலோ மூட்டை வேண்டும், ஆகவே முன்பக்கத்துச் சின்னப் பொட்டல அடுக்கில் பாதி போகும். காலை ஆறு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும், ஆகவே இரவு பத்து மணி வரை கல்லாவில் இருக்கும் அக்காவின் வேலை நேரம் மாறும். உணவகங்கள் முப்பது நாள், அறுபது நாள் கடன் கேட்கும், ஆனால் நாம் சரக்கு எடுக்கும் இறக்குமதியாளர் அவ்வளவு காத்திருக்க மாட்டார், ஆகவே நடுவில் அந்த இரண்டு மாதத்தைத் தாங்கும் பணம் முன்பே வேண்டும். இப்படி மாறும் கடைகளில் பல, வாடிக்கையாளர் இல்லாமல் அல்ல, இந்த இரண்டு மாத ஓட்டையில்தான் விழுகின்றன. கணினிக் கல்லா வேண்டுமா, எந்த மாதிரி வேண்டும் என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான் வரும். மானியம் இருக்கிறதே என்று முதலில் இயந்திரத்தை வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

நோட்டையும் ஒருநாள் மூட வேண்டும். நாற்பது ஆண்டாகப் பற்று வைத்து வாங்கும் பாட்டியிடம் யார் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதற்கும் அந்த ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

அந்த ஸ்டோர் கீப்பர் அண்ணனை அண்மையில் தேக்கா ஈரச்சந்தையில் பார்த்தேன். வேறு நிறுவனத்தில் இருக்கிறார். அவர்களும் புதுக் கிடங்குக்கு மாறுகிறார்களாம். எப்படிப் போகிறது என்று கேட்டேன். “ரேக் இன்னும் வரலை தம்பி. ஆனா போன வாரமே எங்களைக் கூட்டிட்டுப் போய், வெறுந்தரையில சாக்பீஸால கோடு போட்டுக் காட்டினாங்க. என் இடம் மூணாவது கோடு” என்றார். அது லாரி நுழையும் வாசலுக்கு ரொம்பப் பக்கம், மழை பெய்தால் நனையும், அதையும் அங்கேயே சொல்லிவிட்டு வந்தாராம். கோட்டை அழித்து இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.